தெஹுவா வெண்பீங்கான் தெய்வ உருவங்கள்

தெஹுவா வெண்பீங்கான் தெய்வ உருவங்கள், சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள தெஹுவா என்னும் மலைநாட்டு ஊரின் சூளைகளில் செய்யப்பட்ட வெண்ணிறச் சிற்பங்கள். வண்ணம் தீட்டாமல், பீங்கானின் இயல்பான வெண்மையையே அழகாகக் கொண்டு இவை செய்யப்பட்டன. மிங் அரச மரபின் பிற்பகுதி முதல் சிங் அரச மரபின் முற்பகுதி வரையிலான காலம், அதாவது 16ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான காலம், இக்கலையின் உச்சமாகக் கருதப்படுகிறது. குவான்யின், போதிதர்மர், புத்தர், தாவோ சமயத் தெய்வங்கள் ஆகியோர் இவற்றில் மிகுதியாக இடம்பெற்றனர். இவற்றுள் முதன்மையான இரு உருவங்களான குவான்யினையும் போதிதர்மரையும் பௌத்த மரபு தென்னிந்தியாவோடு தொடர்புபடுத்துகிறது. தெஹுவாவின் வெண்பீங்கான் கலங்கள் தமிழகக் கடற்கரைக்கும் வந்துள்ளன.

பெயர்

ஐரோப்பாவில் இவ்வகைப் பீங்கான் ‘பிளாங் த ஷீன்’ என்ற பிரெஞ்சுப் பெயரால் அறியப்படுகிறது. ‘சீனத்து வெண்மை’ என்பது அதன் பொருள். இப்பெயர் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வழக்கிற்கு வந்தது. சீனர்கள் நிறத்தின் நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு தந்த வெண்மை, பன்றிக்கொழுப்பு வெண்மை, வாத்திறகு வெண்மை எனப் பல பெயர்களால் இதனை அழைத்தனர். தமிழில் வழங்கும் ‘பீங்கான்’ என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. சீனப் பொருளுக்குப் பாரசீகப் பெயர் தமிழில் நிலைத்திருப்பது அக்காலக் கடல் வணிகத்தில் பல நாட்டவரும் கலந்திருந்ததன் அடையாளமாகும்.

தெஹுவாவும் அதன் மண்ணும்

தெஹுவா, சுவான்சௌ துறைமுகத்தின் பின்னிலத்தில் மலைகளுக்கிடையே அமைந்துள்ளது. இங்கு சோங், யுவான் காலங்களிலேயே வெண்பீங்கான் கலங்கள் ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டன. 1976இல் அகழ்ந்தாய்வு செய்யப்பட்ட சூதௌகோங் சூளை அக்காலத் தொழிலின் அளவைக் காட்டியது. மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்லும் பல அறைகளைக் கொண்ட நீண்ட சூளை அது. அடியில் மூட்டிய நெருப்பின் வெப்பம் சரிவின் வழியே மேலேறி ஒவ்வோர் அறையையும் சுட்டது.

தெஹுவாப் பீங்கானின் வெண்மைக்கு முதன்மைக் காரணம் அவ்வூர் மண். களிமண்ணில் இரும்பு மிகுந்திருந்தால் சுட்டபின் சிவப்பு, பழுப்பு அல்லது சாம்பல் நிறம் தோன்றும். தமிழகத்துச் செம்மண் பானைகளின் சிவப்பு நிறம் அவ்வாறு வருவதே. தெஹுவா மண்ணில் இரும்பின் அளவு மிகக் குறைவு. பொட்டாசியம் சார்ந்த கனிமங்கள் மிகுதி. இக்கனிமங்கள் உயர் வெப்பத்தில் உருகிக் கண்ணாடிபோல் ஆவதால் சுட்ட பொருள் ஒளியைச் சிறிது ஊடுருவ விடும் தன்மையைப் பெறுகிறது. உடலும் மேற்பூச்சும் ஏறத்தாழ ஒரே தன்மையுடையவை என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்து, பூச்சு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாத வழவழப்பு உண்டாகிறது.

சூளையில் காற்று எவ்வளவு புகுகிறது என்பதும் நிறத்தைத் தீர்மானிக்கும். காற்று தாராளமாகப் புகுந்தால் களிமண்ணில் எஞ்சியுள்ள சிறிதளவு இரும்பு இளமஞ்சள் சாயலைத் தரும். காற்று குறைந்து புகை மிகுந்தால் நீலச் சாயல் வரும். மிங் காலத் தெய்வ உருவங்கள் தந்தத்தின் நிறத்தில் இருப்பதும், சோங், யுவான் காலக் கலங்களும் பிற்காலச் சிங் உருவங்கள் பலவும் சற்று நீலம் கலந்த வெண்மையாக இருப்பதும் இதனாலேயே.

செய்முறை

பெரும்பாலான உருவங்கள் அச்சிலும் கையிலும் சேர்த்துச் செய்யப்பட்டவை. உடலின் முன்பகுதியும் பின்பகுதியும் தனித்தனி அச்சுகளில் களிமண்ணை அழுத்தி எடுக்கப்பட்டன. இரண்டும் நீர்த்த களிமண் குழம்பால் ஒட்டப்பட்டன. தலை, கைகள், விரல்கள், தாமரைப் பீடம், அணிகலன்கள் ஆகியவை தனியே செய்து பொருத்தப்பட்டன. பின்னர் ஆடையின் மடிப்பு, கூந்தல், முகபாவம் ஆகியவை கூரிய கருவிகளால் செதுக்கித் திருத்தப்பட்டன. ஒரே அச்சிலிருந்து வந்த இரு உருவங்கள் வேறுபட்ட முகங்களுடன் இருப்பதற்கு இந்தக் கைத்திருத்தமே காரணம்.

உருவங்களின் உட்புறம் வெற்றிடமாக விடப்பட்டது. கனமான களிமண் திணிவு சூளையில் ஒரே சீராகச் சுருங்காது, வெடித்துவிடும். அடிப்புறம் திறந்திருந்ததால் உள்ளிருந்த காற்றும் ஈரமும் வெளியேற முடிந்தது. சூளையின் வெப்பம் 1200 டிகிரி செல்சியசைத் தாண்டும். இவ்வெப்பத்தில் களிமண் சற்று நெகிழும் என்பதால் நீட்டிய கைகளும் மெல்லிய விரல்களும் வளைந்துவிடும் ஆபத்து இருந்தது. ஆகவே கைகள் ஆடைக்குள் மறைந்திருப்பது போலவோ மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருப்பது போலவோ பல உருவங்கள் வடிவமைக்கப்பட்டன. குவான்யின் உருவங்களில் காணப்படும் அமைதியான, ஒடுங்கிய தோற்றத்திற்கு இந்தத் தொழில்நுட்பத் தேவையும் ஒரு காரணம்.

குவாந்தி, வென்சாங் முதலிய தாவோ தெய்வங்களின் முகத்தில் சிறு துளைகள் இருக்கும். சுட்டபின் அத்துளைகளில் உண்மையான மயிர் பொருத்தித் தாடியும் மீசையும் அமைக்கப்பட்டன. இன்று அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவற்றில் மயிர் உதிர்ந்து துளைகள் மட்டுமே எஞ்சியுள்ளன.

மதுரை, திண்டுக்கல், சிவகங்கை வட்டாரங்களில் புரவியெடுப்பு விழாவுக்காக வேளார்கள் செய்யும் சுடுமண் குதிரைகளோடு இவற்றை ஒப்பிடலாம். சுடுமண் புரவிகள் குறைந்த வெப்பத்தில் சுடப்பட்டு, வண்ணம் பூசப்பட்டு, ஊர்கூடி எடுத்துச் செல்லப்பட்டு, அய்யனார் கோயிலில் வெயிலிலும் மழையிலும் விடப்படுபவை. அவை சிதைவது இயல்பு, அடுத்த விழாவில் புதியவை வரும். தெஹுவா உருவங்களில் பெரும்பாலானவை வீட்டுப் பூசை மாடத்துக்கு உரியவை, தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டவை. இரண்டிலும் குயவரின் கையே தெய்வத்துக்கு உருவம் கொடுத்தது.

முதன்மையான உருவங்கள்

குவான்யின் உருவமே தெஹுவாவில் மிகுதியாகச் செய்யப்பட்டது. வெள்ளாடை தலையை மூட, பாறையிலோ தாமரையிலோ அமர்ந்த கோலம், அலைகளின் மேல் நிற்கும் கோலம், மடியில் குழந்தையுடன் அமர்ந்த கோலம் என்பன பரவலானவை. சில உருவங்களில் இருபுறமும் ஒரு சிறுவனும் நாககன்னியும் நிற்பர். அருகில் கிளியும் நீர்க்குடுவையும் இருக்கும்.

போதிதர்மர் அடர்ந்த புருவமும் தாடியும் கொண்டவராக, அலைகளின் மேல் நிற்பவராகவோ தியானத்தில் அமர்ந்தவராகவோ காட்டப்பட்டார். சாக்கியமுனி புத்தர், பருத்த வயிறுடன் சிரிக்கும் புதாய், அருகதர்கள், போர்த் தெய்வமான குவாந்தி, கல்வித் தெய்வமான வென்சாங், வடதிசைக் காவலரான சென்வு, கடலோடிகளின் காவல் தெய்வமான மாசு ஆகியோரும் செய்யப்பட்டனர். ஊதுபத்தி செருகும் சிங்க உருவங்களும் தூபக் கலங்களும் இவற்றோடு சேர்ந்து பூசை மாடத்தை நிறைத்தன.

குவான்யினும் தென்னாடும்

குவான்யின் என்பது அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவரின் சீனப் பெயர். இந்தியாவில் அவலோகிதர் ஆண் வடிவினர். சீனாவிலும் தாங் காலம் வரை ஆண் வடிவிலேயே, சில இடங்களில் மீசையுடன், வரையப்பட்டார். தாமரைச் சூத்திரம் அவர் அடியாரின் தேவைக்கேற்பப் பல வடிவங்களை எடுப்பார் என்றும், பிள்ளை வேண்டும் பெண்களுக்குப் பிள்ளை அருள்வார் என்றும் கூறுகிறது. குமாரசீவர் 406இல் இந்நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். சோங் காலத்தில் வெள்ளாடை அணிந்த பெண் வடிவம் பரவியது. தந்தையின் நோய் தீரத் தன் கண்களையும் கைகளையும் தந்த இளவரசி மியாவ்சான் குவான்யினின் அவதாரம் என்னும் கதையும் இக்காலத்தில் பரவியது. இவ்வாறு அவலோகிதர் சீனக் குடும்பங்களின் அன்னைத் தெய்வமாக மாறினார். தெஹுவாவின் குழந்தை ஏந்திய குவான்யின் இம்மாற்றத்தின் நிறைவான வடிவம்.

அவலோகிதரின் இருப்பிடம் பொதலகம் என்னும் மலை என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன. கண்டவியூக சூத்திரத்தில் சுதனன் என்னும் இளைஞன் ஞானம் தேடித் தெற்கு நோக்கிப் பயணம் செய்து பொதலகத்தில் அவலோகிதரைக் காண்கிறான். தெஹுவா உருவங்களில் குவான்யினின் அருகே நிற்கும் சிறுவன் இந்தச் சுதனனே. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்த சுவான்சாங், பொதலகம் மலயமலைக்குக் கிழக்கே இருப்பதாகக் குறிப்பிட்டார். மலயமலை பாண்டிய நாட்டுப் பகுதியைச் சேர்ந்தது என்பதால் பொதலகத்தைப் பொதிய மலையோடு அடையாளம் காணும் ஆய்வாளர்கள் உள்ளனர். ஜப்பானிய ஆய்வாளர் சூ ஹிக்கோசாகா இக்கருத்தை முன்வைத்தவர்களுள் ஒருவர். 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டதாகக் கூறும் பௌத்த மரபைப் பதிவுசெய்துள்ளது. அகத்தியரின் மலையாகப் பொதியத்தைத் தமிழ் மரபு போற்றுவதை இதனுடன் சேர்த்து நோக்க வேண்டும்.

சீன பௌத்தர்கள் பொதலகத்தைத் தம் நாட்டிலேயே நிறுவிக்கொண்டனர். செச்சியாங் மாகாணக் கடலில் உள்ள புத்துவோ தீவின் பெயர் பொதலகம் என்பதன் சீன வடிவம். பாறையில், அலைகளின் நடுவே அமர்ந்த குவான்யின் உருவங்கள் அத்தீவை நினைவூட்டுவன.

போதிதர்மரைத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் எனச் சீன நூல்கள் குறிப்பிடுகின்றன. அவரைக் காஞ்சிபுரத்தோடு இணைக்கும் மரபும் உண்டு.

தமிழகத்துடன் தொடர்பு

தெஹுவாவின் துறைமுகமான சுவான்சௌவில் 13ஆம் நூற்றாண்டில் தமிழ் வணிகர்கள் வாழ்ந்தனர். அங்கு 1956இல் கண்டெடுக்கப்பட்ட தமிழும் சீனமும் கலந்த கல்வெட்டு, சக ஆண்டு 1203 சித்திரை மாதத்தில், அதாவது கி.பி. 1281இல், தவச்சக்கரவர்த்திகள் எனப்பட்ட சம்பந்தப் பெருமாள் சிவன் கோயில் ஒன்றில் இறைவனை எழுந்தருளுவித்ததைக் கூறுகிறது. அக்கோயில் பின்னர் அழிந்தது. அதன் தூண்களும் சிற்பக் கற்களும் சுவான்சௌவின் கையுவான் பௌத்தக் கோயிலில் மறுபயன்பாடு செய்யப்பட்டுள்ளன. வேறு பல கற்கள் அந்நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன.

சுவான்சௌவுக்கு அருகிலுள்ள சேதியன் சிற்றூரில் பல கைகளுடன், காலடியில் அசுரன் கிடக்க அமர்ந்திருக்கும் தென்னிந்தியப் பாணிப் பெண் தெய்வச் சிற்பம் ஒன்று இன்றும் வழிபாட்டில் உள்ளது. ஊர்மக்கள் அதனைக் குவான்யினின் ஒரு வடிவமாகவே வணங்குகின்றனர்.

சீனாவிலிருந்து 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல்வழியே திரும்பிய மார்க்கோ போலோ, சுவான்சௌவை ‘சைத்தூன்’ என்ற பெயரில் விவரித்து, அதனருகே பீங்கான் செய்யும் ஊரையும் குறிப்பிட்டார். அவ்வூர் தெஹுவா என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதே பயணத்தில் அவர் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும் குறிப்பிட்டுள்ளார்.

தமிழகத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் பல கடற்கரை ஊர்களில் கிடைத்துள்ளன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம் அவற்றுள் முதன்மையானது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் இங்கு அகழாய்வு நடத்தியது. எ. சுப்பராயலு, ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா ஆகியோர் இங்கு கிடைத்த சீன ஓடுகளை ஆராய்ந்தனர். 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவற்றில் பச்சைநிறப் பீங்கான் மிகுதி. தெஹுவா வெண்பீங்கானும் அவற்றில் அடங்கும். சீன எழுத்தாளர் வாங் தாயுவான் 14ஆம் நூற்றாண்டில் குறிப்பிட்ட ‘தா பதன்’ என்னும் துறைமுகம் பெரியபட்டினமே எனக் கராஷிமா கருதினார்.

இவ்வாறு கிடைத்தவை கிண்ணம், தட்டு போன்ற புழங்கு கலங்களின் ஓடுகள். தெஹுவாவின் புகழ்பெற்ற தெய்வ உருவங்கள் இவற்றுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பிற்பட்டவை. 1357 முதல் 1366 வரை சுவான்சௌவில் நடந்த கலகங்களும், அதன்பின் மிங் அரசு விதித்த கடல் வணிகத் தடையும் அயல்நாட்டு வணிகர் குடியிருப்புகளைச் சிதைத்தன. எனவே குவான்யின் உருவங்கள் செழித்த காலத்தில் தெஹுவாவின் துறைமுகத்தில் பழைய தமிழ் வணிகர் குடியிருப்பு இல்லை. தமிழகத்துக்கு வந்தது கலம், தெற்கிலிருந்து சென்றது தெய்வம் பற்றிய நம்பிக்கை எனலாம்.

ஹெ சாவ்சோங்

தெஹுவாச் சிற்பிகளில் மிகவும் புகழ்பெற்றவர் ஹெ சாவ்சோங். மிங் அரச மரபின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். சுவான்சௌ வட்டார வரலாற்று நூலில் அவரது பெயர் இடம்பெற்றுள்ளது. கைவினைஞர்களின் பெயர் பெரும்பாலும் பதிவாகாத காலத்தில் இது அரிய மதிப்பு. அவரது உருவங்களின் முதுகுப்புறத்தில் பெயர் முத்திரை அழுத்தப்பட்டிருக்கும். அலைகளின் மேல் நிற்கும் அவரது போதிதர்மர் உருவம் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. காற்றில் படபடக்கும் ஆடையும் உள்நோக்கிய பார்வையும் அதன் சிறப்புகள்.

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும்

17ஆம் நூற்றாண்டில் தெஹுவா உருவங்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன. சிங் அரசின் கடற்கரைத் தடை 1684இல் நீங்கியபின் சியாமென் துறைமுகம் வழியாக ஏற்றுமதி பெருகியது. குழந்தை ஏந்திய குவான்யினை ஐரோப்பிய வணிகர்கள் ‘சாங்டா மரியா’ என்றே அழைத்தனர். தெஹுவாக் குயவர்கள் கன்னி மரியாள், ஐரோப்பியக் குடும்பங்கள் ஆகிய உருவங்களையும் செய்து அனுப்பினர். சாக்சனி மன்னர் அகஸ்டஸ் திரட்டிய தெஹுவாப் பீங்கான்கள் டிரெஸ்டனில் உள்ளன. 1710இல் அவர் நிறுவிய மைசென் தொழிற்சாலை தன் தொடக்க காலத்தில் தெஹுவா உருவங்களைப் பார்த்துப் படியெடுத்தது.

ஜப்பானில் 1614இல் கிறித்தவம் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. மறைவாக நம்பிக்கையைத் தொடர்ந்தவர்கள் குழந்தை ஏந்திய குவான்யின் உருவத்தை மரியாளாக எண்ணி வழிபட்டனர். இவை ‘மரியா கன்னோன்’ எனப்படுகின்றன. நாகசாகி அதிகாரிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பறிமுதல் செய்த இத்தகைய உருவங்கள் இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. வணங்கியவரின் உயிருக்கே ஆபத்தான காலத்தில், பார்ப்பவருக்குக் குவான்யினாகவும் வணங்குபவருக்கு மரியாளாகவும் ஒரே உருவம் நின்றது.

காலம் கணித்தலும் போலிகளும்

தெஹுவா உருவங்களின் காலத்தைக் கணிப்பது கடினம். ஒரே அச்சும் ஒரே மண்ணும் பல தலைமுறைகள் பயன்பட்டன. சிங் காலத்திலும் 20ஆம் நூற்றாண்டிலும் பழைய உருவங்கள் தொடர்ந்து படியெடுக்கப்பட்டன. ஹெ சாவ்சோங்கின் முத்திரையும் அவ்வாறே படியெடுக்கப்பட்டது. எனவே முத்திரை இருப்பது மட்டும் சான்றாகாது. ஆய்வாளர்கள் பின்வருவனவற்றைச் சேர்த்து நோக்குகின்றனர்.

நிறம்: மிங், தொடக்கச் சிங் காலத்தவை ஒளியில் தந்தம் அல்லது இளஞ்சிவப்புச் சாயல் காட்டும். பிற்காலத்தவை பெரும்பாலும் நீலச் சாயல் கொண்டவை.

உட்புறம்: பழைய உருவங்களின் உள்ளே களிமண்ணை அழுத்திய விரல் தடங்களும் சீரற்ற தடிமனும் தெரியும். நீர்த்த களிமண்ணை அச்சில் ஊற்றிச் செய்த நவீன உருவங்களின் உட்புறம் ஒரே சீராக வழவழப்பாக இருக்கும்.

சூளை வெடிப்பு: அடிப்புறத்தில் காணும் சிறு வெடிப்புகள் சூளையில் உண்டானவையா, பிற்காலத்தில் உடைந்தவையா என்பது விளிம்பைப் பார்த்தால் தெரியும்.

கப்பற் சிதைவுகள்: மூழ்கிய ஆண்டு தெரிந்த கப்பல்களில் கிடைத்தவை ஒப்பீட்டுக்கு உறுதியான அடிப்படை. ஏறத்தாழ 1643இல் மூழ்கிய ‘ஹாட்சர்’ சரக்கும், ஏறத்தாழ 1690இல் வியட்நாம் கடலில் மூழ்கிய ‘வுங் தாவ்’ சரக்கும் அத்தகையவை. பி. ஜே. டானெலி 1969இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகிறது.

பாதுகாப்பு

கப்பற் சரக்கின் மதிப்பு அது ஒன்றாகக் கிடைத்ததில் இருக்கிறது. தமிழகக் கடற்கரை மணலில் கிடைக்கும் பீங்கான் ஓட்டுக்கும் இது பொருந்தும். எந்த ஊரில், எந்த மண்ணடுக்கில், எந்த நாணயத்தோடும் எந்த உள்ளூர்ப் பானையோடும் சேர்ந்து கிடைத்தது என்பது தெரிந்தால்தான் அந்த ஓடு வரலாற்றுச் சான்று. எடுத்து அலமாரியில் வைக்கப்பட்ட ஓடு அழகிய பொருளாக இருக்கலாம், சான்றாக இராது. இந்தியப் புதையல் சட்டம் 1878இன்படி, மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1972இன்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.

இன்றைய நிலை

தெஹுவாவில் பீங்கான் தொழில் இன்றும் தொடர்கிறது. தெஹுவாப் பீங்கான் சுடும் கலை 2006இல் சீனாவின் தேசிய மரபுக்கலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2021இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த சுவான்சௌ துறைமுக நகரத்தின் 22 இடங்களில் தெஹுவாவின் பழஞ்சூளைகளும் அடங்கும்.

லண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றில் இவ்வுருவங்கள் மிகுதியாக உள்ளன. தமிழர் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில், ஆசிய நாகரிக அருங்காட்சியகம் ஹிக்லி குடும்பத்தினர் வழங்கிய தெஹுவாத் தொகுப்பைப் பேணுகிறது. பொதிய மலையோடு சேர்த்துப் பேசப்படும் அவலோகிதர், தெஹுவா மண்ணில் அன்னையாக உருமாறிய வடிவத்தைத் தமிழர்கள் அருகிலேயே சென்று காணக்கூடிய இடங்களுள் அதுவும் ஒன்று.